தரையில் வழி தவறிய விமானம்



விமானப் பயணம் என்றதும் நம்மிற் பலருக்கு அச்சம் தோன்றும் இடம் வானந்தான். விமானம் நிலத்தை விட்டு எழும்போது கண்களை இறுக மூடிக்கொள்வோரையும், அது மீண்டும் நிலத்தைத் தொட்டதும் "அப்பாடா" என்று பெருமூச்சு விடுவோரையும் நான் கண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நானும் அவர்களுள் ஒருவன். சக்கரம் நிலத்தில் பட்டுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பது நம் எண்ணம். ஆயினும், விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோன விபத்து நடுவானில் நிகழ்ந்ததன்று. ஓர் ஓடுபாதையின் மேல் நிகழ்ந்தது. தரையில் மெல்ல உருண்டு செல்லும் ஒரு விமானம், தான் செல்லத்தகாத இடத்தில் இருந்தமையும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

நான் விமானம் ஓட்ட அறிந்தவனல்லன், பொறியியல் கற்றவனுமல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாடசாலையிலே கழித்த ஓர் ஆசிரியன். அங்ஙனமாயின் இப்பொருளைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரிமை என்று நேயர்கள் கேட்கக்கூடும். தரையில் வழி தவறிய விமானங்களைப் பற்றிய விசாரணைகளின் முடிவுகளை நான் முதன்முதலாகப் படித்தபோது, அவற்றில் இயந்திரங்களின் கதையை எதிர்பார்த்தேன். ஆனால் நான் அங்குக் கண்டது மனிதரின் கதை. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு வகுப்பறையின் கதை. அதனாலேயே இன்று உங்களோடு பேச முன்வந்தேன்.

முதலில் ஒரு பெரிய விமான நிலையத்தின் அமைப்பை மனக்கண்முன் கொண்டுவருவோம். விமானம் ஏறவும் இறங்கவும் உள்ள நீண்ட பாதையை ஓடுபாதை என்கிறோம். ஒவ்வோர் ஓடுபாதைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் யாரோ மனம்போன போக்கில் இட்டதன்று. அப்பாதை காந்தத் திசைகாட்டியில் எத்தனை பாகையை நோக்கியிருக்கிறதோ, அதனைப் பத்தால் வகுத்து வருவதே அந்த எண். நமது கட்டுநாயக்க விமான நிலையத்து ஓடுபாதையின் ஒரு முனை 04 என்றும் மறுமுனை 22 என்றும் குறிக்கப்பெறுவது இம்முறைப்படியேயாம். ஒரே திசையில் அடுத்தடுத்து மூன்று பாதைகள் இருந்தால், இடது, நடு, வலது என்னும் சொற்களைச் சேர்த்து வழங்குவர்.

பயணிகள் ஏறும் கட்டடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே விமானங்கள் உருண்டு செல்வதற்கென இணைப்பு வழிகள் பல உண்டு. இவற்றுக்கு எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளே பெயர். வானொலியில் எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்காதிருக்கும் பொருட்டு, அவற்றை ஒஸ்கார், பொக்ஸ்ரொட், எக்ஸ்ரே என்று முழுச் சொற்களாகவே உச்சரிப்பர். இணைப்பு வழிகளின் ஓரத்தில் நீல விளக்குகளும், ஓடுபாதையின் ஓரத்தில் வெண்ணிற விளக்குகளும் ஒளிரும். ஓடுபாதையைக் குறிக்கும் பலகை சிவப்பு நிறமானது; அதில் எண் வெள்ளையாக எழுதப்பட்டிருக்கும். அதன் அருகே தரையில் நான்கு மஞ்சட் கோடுகள் உள்ளன. இரண்டு தொடர்ச்சியானவை, இரண்டு விட்டுவிட்டுச் செல்பவை. தொடர்ச்சியான கோடுகளின் பக்கத்தில் நிற்கும் விமானம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியின்றி அவற்றைக் கடக்கலாகாது. அனுமதியின்றியோ அறியாமலோ ஒரு விமானம், ஒரு வாகனம், அன்றி ஒரு மனிதன் அந்த எல்லைக்குள் இருத்தலையே ஓடுபாதை அத்துமீறல் என்று விமானத்துறையினர் கூறுவர்.

கேட்பதற்கு இது மிக எளிதாகத் தோன்றும். சிவப்புப் பலகை இருக்கிறது, மஞ்சட் கோடு இருக்கிறது, கோபுரத்தில் வழிகாட்டுபவர் இருக்கிறார். பின்னர் எவ்வாறு வழி தவறும்? பகல் வெளிச்சத்திலே, பழகிய இடத்திலே தவறுதல் அரிது. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால், ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பிலே, ஒன்றுபோல் ஒன்று தோன்றும் காங்கிறீற்று வழிகளின் நடுவே, முன்னே சில விளக்குகளை மாத்திரம் கண்டுகொண்டு செல்லும் விமானியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1990ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலுள்ள டெற்றோயிற் விமான நிலையம். நண்பகல் கடந்த நேரம். ஆயினும் மூடுபனி கவிந்து கிடந்தது. நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் டி.சி.9 விமானமொன்று 44 பேருடன் பிற்ஸ்பேக் நகருக்குப் புறப்பட ஆயத்தமாகி, ஓடுபாதையை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் போயிங் 727 விமானம் ஒன்று, 150க்கும் மேற்பட்டோருடன் மெம்பிஸ் நகருக்குப் புறப்படவிருந்தது.

டி.சி.9இன் தலைமை விமானி, உடல்நலக் குறைவினாற் பல ஆண்டுகள் பறவாமல் இருந்து, அண்மையிலேதான் பணிக்குத் திரும்பியவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானியோ தன்னம்பிக்கை மிகுந்தவர். தமது முன்னைய வான்படை அனுபவத்தைப் பற்றி அவர் உள்ளதற்கு மேலாகவே தலைவரிடம் கூறியிருந்தார் என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. வழியை அறிந்தவர் இவர் என்று தலைவர் எண்ணிவிட்டார். எந்தத் திருப்பத்தில் திரும்புவது, எங்கே நிற்பது என்பவற்றையெல்லாம் துணை விமானி சொல்ல, தலைவர் அவ்வழியே விமானத்தைச் செலுத்தினார். பதவியின்படி தலைவர் ஒருவர்; நடைமுறையிலே தலைவர் மற்றொருவர்.

ஒஸ்கார் 6 என்னும் வழியிலே திரும்பவேண்டிய விமானம், பனியிலே அத்திருப்பத்தைத் தவறவிட்டது. இருவர் மனத்திலும் ஐயம் எழுந்தது. இது சரியான வழிதானா என்று ஒருவரை ஒருவர் வினவிக்கொண்டனர். விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் அந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது. ஆயினும் விமானம் நிற்கவில்லை. கோபுரத்தை அழைத்து, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை என்று உரிய நேரத்திலே திட்டமாகச் சொல்வாரும் இல்லை. ஐயத்தோடே மெல்ல நகர்ந்து நகர்ந்து, ஈற்றில் அவர்கள் 3 நடு என்னும் ஓடுபாதையின் மேலேயே ஏறிவிட்டனர். அதே ஓடுபாதையின் முனையில், புறப்படுவதற்கு அனுமதி பெற்ற போயிங் விமானம் ஓடத் தொடங்கியது.

தாம் ஓடுபாதையின்மேல் நிற்கிறோம் என்பதை ஒருவாறு உணர்ந்த தலைவர், அதனைத் தரைக் கட்டுப்பாட்டாளருக்கு அறிவித்தார். உடனே விலகுமாறு பதில் வந்தது. கோபுரத்துக்குள்ளேயும் பரபரப்பு எழுந்தது. ஆனால் ஓடுபாதைக்குப் பொறுப்பாயிருந்த அலுவலர், போயிங் இதற்குள் மேலெழுந்திருக்கும் என்று எண்ணி, அதற்கு எச்சரிக்கை விடுக்கவில்லை. அவருடைய கண்ணுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே இருந்தது வெறும் வெண்பனி. சில கணங்களில், பனியைக் கிழித்துக்கொண்டு வந்த போயிங்கின் வலச்சிறகு, டி.சி.9இன் வலப்பக்கத்தை நெடுகக் கீறி, அதன் வல இயந்திரத்தையும் பெயர்த்தெறிந்தது. போயிங் விமானம் புறப்படுவதைக் கைவிட்டு ஒருவாறு நின்றுகொண்டது, அதிலிருந்தோர் தப்பினர். டி.சி.9 தீப்பற்றியது. அதிலிருந்த 44 பேரில் எட்டுப் பேர் இறந்தனர். வால்முனையிலுள்ள அவசர வாயிலைத் திறக்கும் கருவி உட்புறமிருந்து இயங்கவில்லை. ஆகவே, அவ்வழியாகத் தப்ப முயன்ற ஒரு பயணியும் ஒரு விமானப் பணிப்பெண்ணும் அங்கேயே மாண்டனர்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இவ்விபத்தை ஆராய்ந்தது. விமானிகள் இருவருக்கிடையே சரியான ஒத்துழைப்பு இல்லாமற் போனதையும், அவர்களுடைய கடமைகள் ஏறத்தாழ இடம் மாறிக் கிடந்ததையும் அது எடுத்துக் காட்டியது. அதன் விளைவாக, இருக்கும் இடம் ஐயத்திற்குரியதானபோதே விமானத்தை நிறுத்தவும் கோபுரத்துக்கு அறிவிக்கவும் அவர்கள் தவறினர் என்று அது முடிவு கூறியது. அத்துடன் அச்சபை நின்றுவிடவில்லை. தரையிலிருந்த அடையாளங்களும் பலகைகளும் விளக்குகளும் குறைபாடுடையனவாக இருந்தன. கோபுரத்தினர் கொடுத்த வழிகாட்டல் குழப்பமானதாக இருந்தது. பனி மிகுந்த வேளையிற் படிப்படியாக வழிகாட்டும் முறை கைக்கொள்ளப்படவில்லை. விமானிகள் குழுவாக இயங்குவதற்கான பயிற்சியை நிறுவனம் போதிய அளவு அளிக்கவில்லை என்றும் அது சுட்டியது. ஒரு தவறு நேர்ந்தபோது ஒருவனை மாத்திரம் பிடித்துத் தூக்கிலிடாமல், அத்தவறு விளைந்த நிலத்தையும் ஆராய்வது எத்துணை நேர்மையான முறை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

இதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீபில் இதனினும் பல மடங்கு பெரிய துயரம் நிகழ்ந்தது. அயலிலுள்ள கிரான் கனேரியா விமான நிலையத்திலே குண்டு வெடித்தமையால், பல பெரிய விமானங்கள் லொஸ் ரோடியோஸ் என்னும் சிறிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன. அங்கும் பனி. ஓடுபாதையொன்றுதான். இணைப்பு வழியில் விமானங்கள் நெருக்கி நின்றமையால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதை வழியாகவே உருண்டு செல்ல வேண்டியிருந்தது. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் மூன்றாவது வழியில் விலகுமாறு பணிக்கப்பட்டது. பனியிலே அவ்வழி தவறிப்போக, அது ஓடுபாதையிலேயே இருந்தது. அதே வேளையில் ஒல்லாந்து நாட்டின் கே.எல்.எம். விமானம், அனுமதி கிடைத்துவிட்டதென்ற எண்ணத்தில் மறுமுனையிலிருந்து ஓடத் தொடங்கியது.

வானொலியைக் கேட்கும் உங்களுக்கு ஒரு செய்தியைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலே கோபுரமும் பான் அமெரிக்கன் விமானமும் ஒரே அலைவரிசையில் ஒரே கணத்திற் பேசின. இரு குரல்கள் ஒன்றையொன்று மோதியமையால், கே.எல்.எம். விமானிகளின் காதுக்கு எட்டியது பெரும்பாலும் ஒரு கீச்சொலியே. நில்லுங்கள் என்றும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம் என்றும் சொன்ன சொற்கள் அந்தக் கீச்சொலியிற் கரைந்தன. எனினும் ஒரு வாய்ப்பு எஞ்சியிருந்தது. கே.எல்.எம். விமானத்திலிருந்த பொறியியலாளர், எஞ்சிய பேச்சைக் கேட்டு ஐயங்கொண்டு, மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு நீங்கவில்லையா என்று தலைவரிடம் வினவினார். நீங்கிவிட்டது என்று தலைவர் உறுதியாகச் சொன்னார். அந்நிறுவனத்திலே பெரும்புகழ் வாய்ந்தவர் அத்தலைவர். பிற விமானிகளைப் பயிற்றுவித்தவர். அவரிடத்து இரண்டாம் முறை வினவுவதற்கு எவரும் முற்படவில்லை. அடுத்த சில வினாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தனர். பான் அமெரிக்கன் விமானத்தில் 61 பேர் மாத்திரம் உயிர் பிழைத்தனர்.

நேயர்களே, இவ்விடத்தில் என்னைப் பற்றிய ஒரு சிறு செய்தியைச் சொல்ல அனுமதியுங்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் இளம் ஆசிரியனாகப் பணியாற்றினேன். ஒருநாள் மாணாக்கர் முப்பது பேரை அழைத்துக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றோம். உலக முடிவு என்னும் செங்குத்தான பாறைமுனையைக் காட்டவேண்டும் என்பது என் ஆவல். அங்கே நிலம் சடுதியாக 800 மீற்றருக்கும் மேலாகக் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் வானம் தெளிந்திருந்தது. மூன்றிலொரு பங்கு வழி சென்றிருப்போம், பனி இறங்கிவிட்டது. பத்தடி தூரத்தில் நடப்பவனின் முதுகு தெரியவில்லை.

நான் முன்னே நடந்தேன். வரிசையின் கடைசியில் வந்த ஒரு சிறுவன் ஓடி வந்து, "சேர், இந்தக் கல்லை நாம் முன்பே ஒருமுறை கடந்து வந்தோம்" என்றான். எனக்கும் உள்ளூர அந்த ஐயம் இருந்தது. ஆயினும் முப்பது பிள்ளைகளின் முன்னே, ஓர் ஆசிரியன் வழி தெரியாமல் நிற்கலாமா? "பேசாமல் வரிசையில் நட" என்று அதட்டினேன். சிறுவன் தலைகுனிந்து சென்றான். என்னோடு வந்த மற்ற ஆசிரியர் என்னிலும் இளையவர். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் அப்படியே நடந்தோம். பின்னர் காற்று வீசிப் பனி சற்றே விலகிற்று. எமக்கு முன்னே முப்பது, நாற்பது அடிக்கு அப்பால் புல்லும் இல்லை, நிலமும் இல்லை. வெறும் வெண்மை. நாங்கள் தேடி வந்த இடத்தையேதான் அடைந்திருந்தோம். ஆனால் நாங்கள் அறியாத பக்கத்திலிருந்து.

ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. பிள்ளைகளை அங்கேயே உட்கார வைத்து, பனி விலகும்வரை காத்திருந்து திரும்பினோம். இளைய ஆசிரியர் அன்றிரவு, "எனக்கும் அந்தக் கல் நினைவிருந்தது, நீங்கள் மூத்தவர் என்பதனால் ஒன்றும் சொல்லவில்லை" என்றார். அந்தச் சிறுவனிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று அவனை அழைத்து நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டெற்றோயிற்றின் கதையையும் தெனெரீபின் கதையையும் படித்தபோது, என் நினைவிலே வந்து நின்றவன் அவன்தான். அந்த விமானிகளை எள்ளி நகையாட எனக்கு எவ்வகை உரிமையும் இல்லை.

இனி, இக்கதையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். 1999ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆம் நாள் இரவு. ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள புரொவிடன்ஸ் விமான நிலையம். அன்றும் பனி. யுனைற்றெட் நிறுவனத்தின் போயிங் 757 விமானமொன்று இறங்கி, கட்டடத்தை நோக்கி உருண்டு வரும்போது திருப்பம் ஒன்றைத் தவறவிட்டு, விமானங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்த ஓடுபாதைக்கே மீண்டும் வந்துவிட்டது. அதன் அருகே, சரக்கு விமானம் ஒன்று பேரிரைச்சலுடன் மேலெழுந்து சென்றது. யுனைற்றெட் விமானிகள் திடுக்கிட்டுக் கோபுரத்தை அழைத்து, எங்கள் பக்கத்தில் ஒரு விமானம் இப்பொழுது புறப்பட்டுச் சென்றது என்று முறையிட்டனர். கோபுரத்திலிருந்தவருக்கோ பனியிலே ஒன்றும் தெரியவில்லை. தரையைக் காட்டும் ராடார் அந்நிலையத்தில் இல்லை. அவ்விமானம் பயன்பாட்டில் இல்லாத வேறோர் ஓடுபாதையிலே நிற்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

அடுத்ததாகப் புறப்படக் காத்திருந்தது யூ.எஸ். ஏர்வேஸ் நிறுவனத்தின் விமானமொன்று. கோபுரம் அதற்குப் புறப்பட அனுமதி அளித்தது. அவ்விமானிகள் வானொலியில் நிகழ்ந்த உரையாடல் முழுவதையும் கேட்டிருந்தனர். வழி தவறிய விமானம் எங்கே நிற்கிறது என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆகவே அவர்கள் புறப்பட மறுத்துவிட்டனர். ஓடுபாதையில் தடையொன்றும் இல்லை என்று கோபுரம் வற்புறுத்திய பின்னரும், யுனைற்றெட் விமானம் கட்டடத்தை அடையும்வரை நாங்கள் அசையமாட்டோம் என்று உறுதியாக நின்றனர். அதிகாரம் படைத்தவர் போ என்கிறார், காத்திருக்கும் பயணிகள் பின்னே இருக்கிறார்கள், நேரம் சென்றுகொண்டிருக்கிறது. இவ்வளவு நெருக்குதலுக்கு நடுவிலும், எமக்கு ஐயம் தீரவில்லை, ஆகவே நிற்கிறோம் என்று சொன்னார்கள். அன்று ஒருவரும் காயப்படவில்லை. ஒன்றும் நிகழாமற் செய்தவனை உலகம் எளிதில் நினைவில் வைப்பதில்லை. ஆயினும் நான் அறிந்த துணிவுச் செயல்களுள் இதுவும் ஒன்றென்பேன்.

இத்தகைய துணிவு தானாக விளைவதன்று, பயிற்றப்படுவது. தெனெரீபின் பின்னர் உலகம் சில பாடங்களைக் கற்றது. புறப்படுதல் என்னும் பொருளுடைய அச்சொல், மெய்யாகவே புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதனை மீளப் பெறும்போதும் மாத்திரமே வழங்கப்படவேண்டும் என்பது விதியாயிற்று. மற்ற வேளைகளில் வேறு சொல்லே ஆளப்படும். கோபுரம் ஓடுபாதையைப் பற்றிச் சொன்னதை விமானி சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லவேண்டும்; கோபுரம் அதனைச் செவிமடுத்துச் சரிபார்க்க வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் சொல்ல மாணாக்கர் திருப்பிச் சொன்ன முறை நினைவுக்கு வருகிறதன்றோ? ஆனால் இங்கே நோக்கம் மனப்பாடமன்று, பிழையைப் பிடிப்பது.

இதனிலும் பெரிய மாற்றம் விமானியின் அறைக்குள்ளே நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் நாசா நிறுவனம் கூட்டிய ஆய்வரங்கைத் தொடர்ந்து, விமானிகள் ஒரு குழுவாக இயங்கும் முறை ஒரு பாடமாகவே அமைக்கப்பட்டது. இளையவர் ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மூத்தவர் அதனை அவமதிப்பாகக் கொள்ளாமற் செவிமடுக்க வேண்டும். இது நற்பண்பு என்று விடப்படவில்லை. கடமை என்று விதிக்கப்பட்டது. தலைவரின் அதிகாரம் இதனாற் குறைந்துவிடவில்லை. இறுதி முடிவு இன்றும் அவருடையதே. அம்முடிவுக்கு முன் அவர் கேட்கும் காதுகள்தாம் கூடியிருக்கின்றன.

இன்னொரு முறையும் குறிப்பிடத்தக்கது. 1976ஆம் ஆண்டு முதல், ஐக்கிய அமெரிக்காவில் விமானிகளும் கோபுரத்தினரும் தாம் செய்த தவறுகளைத் தாமே எழுதி நாசா நிறுவனத்துக்கு அனுப்பலாம். எழுதியவரின் பெயர் நீக்கப்பட்டு, பாடம் மாத்திரம் எல்லோருக்கும் வழங்கப்படும். வேண்டுமென்று செய்யாத தவறைப் பத்து நாள்களுக்குள் அறிவித்தவருக்குப் பொதுவாகத் தண்டம் விதிக்கப்படுவதில்லை. குற்றச் செயல்களும் விபத்துகளும் இச்சலுகையில் அடங்கா. தவறை மறைப்பதிலும் சொல்வதே நன்று என்னும் நிலையை உண்டாக்கினால், மனிதன் உண்மையைச் சொல்லுவான் என்பதற்கு இது சான்றாகும்.

இத்தனையும் செய்த பின்னர் தவறுகள் ஒழிந்துவிட்டனவா? இல்லை. 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள், இத்தாலியின் மிலான் நகரத்து லினாத்தே விமான நிலையத்தில், பனியிலே வழி தவறிய சிறிய விமானமொன்று ஓடுபாதைக்குட் புகுந்ததனால், 118 உயிர்கள் மாய்ந்தன. 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், தோக்கியோ நகரத்து ஹனேடா விமான நிலையத்தில், கரையோரக் காவற்படையின் விமானமொன்று ஓடுபாதைக்குள் நுழைந்து நின்றபோது, இறங்கிவந்த பயணிகள் விமானம் அதன்மேல் மோதியது. பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து ஒழுங்காக வெளியேறி உயிர் தப்பினர். காவற்படை விமானத்தில் ஐவர் இறந்தனர். நிலநடுக்கத்தால் வருந்திய மக்களுக்கு உதவிப்பொருள் கொண்டு செல்லப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவசரமும் நல்லெண்ணமும்கூட மஞ்சட் கோட்டைத் தாண்ட அனுமதியாகா.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், நியூ யோர்க்கின் கென்னடி விமான நிலையத்தில், இலண்டனுக்குச் செல்லவிருந்த அமெரிக்கன் நிறுவனத்தின் பெரிய விமானமொன்று, தான் கடக்கவேண்டிய ஓடுபாதைக்குப் பதிலாக வேறோர் ஓடுபாதையைக் கடந்தது. அன்று பனிகூட இல்லை. ஒரே வேளையிற் பல வேலைகளைக் கவனித்தமையே விமானிகளின் மனத்தை வழி மாற்றியது. அதே ஓடுபாதையில் டெல்ரா நிறுவனத்தின் விமானம் ஒன்று புறப்பட ஓடிக்கொண்டிருந்தது. தரை ராடார் எச்சரித்தது. கோபுரத்திலிருந்தவர் உடனே புறப்படுவதை நிறுத்துமாறு உரத்துச் சொன்னார். அவ்விமானமும் தாமதியாமல் நின்றது. இரு விமானங்களிலும் ஒருவருக்கும் தீங்கில்லை. ஒருவன் தவறுவான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அவனுக்குப் பின்னே மற்றொரு காவலை நிறுத்தியிருந்தமையால் வந்த நன்மை இது.

நேயர்களே, நான் மீண்டும் என் வகுப்பறைக்குத் திரும்புகிறேன். "விளங்கிற்றா?" என்று நாம் கேட்கிறோம். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "விளங்கிற்று" என்கிறார்கள். அந்த நாற்பதில் எத்தனை பேர் பனிக்குள் நிற்கிறார்கள் என்பதை நாம் அறிவதில்லை. விளங்கவில்லை என்று எழுந்து நின்ற பிள்ளையை ஒருமுறை சிரித்து அவமானப்படுத்திவிட்டால், அவன் அதன்பின் என்றுமே எழுந்து நிற்கமாட்டான். அப்பிள்ளை வளர்ந்து ஒருநாள் மருத்துவமனையில் ஒரு தாதியாக, மின்சார நிலையத்தில் ஒரு தொழிலாளியாக, பேருந்தில் ஒரு நடத்துநராக நிற்கும்போது, பெரியவர் செய்யும் பிழை அவன் கண்ணுக்குத் தெரியும், வாய்தான் திறவாது. அந்த மௌனத்தை அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமாகவே இருப்போம்.

பெரியோர்க்கு மரியாதை செய்தல் நம் பண்பாட்டின் அணிகலன். அதனைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. ஆனால் பெரியவர் பள்ளத்தை நோக்கி நடக்கும்போது வாய்மூடிப் பின்தொடர்வது மரியாதையன்று. கையைப் பிடித்து நிறுத்துவதே மரியாதை. நிறுத்திய கையைத் தட்டிவிடாமல், "நல்லது, நிற்போம், பார்ப்போம்" என்று சொல்வதே பெரியவருக்கு அழகு.

என் பாடசாலையிலே இப்பொழுது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆசிரியர் கூட்டத்தின் முடிவில், வயதில் மிக இளைய ஆசிரியரிடமே முதலில் கருத்துக் கேட்பேன். என் கருத்தைக் கடைசியிற் சொல்வேன். முதலிரு கூட்டங்களில் அவர்கள் பேசவில்லை. மூன்றாவது கூட்டத்தில் ஓர் ஆசிரியை, நான் தயாரித்த நேரசூசியிலே ஒரு பிழையைச் சுட்டினார். பிழை உண்மையே. நன்றி கூறித் திருத்திக்கொண்டேன். சிறிய செயல்தான். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனுக்குச் சொல்லத் தவறிய நன்றியையும் சேர்த்தே அன்று நான் சொன்னதாக எண்ணிக்கொள்கிறேன்.